செருப்பைத் தாண்டிய சொல்

மரிய ஜோசப் சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு, கடலூர் செம்மண்டலத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வந்தார். வயது ஐம்பத்து நான்கு. நாள்தோறும் காலை ஆறு இருபது பேருந்தில் ஏறி, இடப்புறம் மூன்றாம் வரிசையில் சன்னலோரம் அமர்ந்து, ஆலப்பாக்கம் வரும்வரை உறங்கி, அதன்பின் உறங்க முயன்று தோற்று, எட்டேகால் மணிக்குப் பள்ளி வாயிலை அடைவது அவர் வழக்கம். நடத்துநர் அவரிடம் ஊர்ப்பெயர் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

பள்ளியை அடைந்தவுடன் அவர் செய்யும் முதல் வேலை, வாயிலை ஒட்டிய கரும்பலகையில் 'இன்றைய சொல்' எழுதுவதாகும். பலரும் அறியாத ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள், அது பிறந்த கிரேக்க வேர், வளர்ந்த இலத்தீன் வேர் என நான்கு வரிகள். இளமையில் மூன்றாண்டுகள் குருமடத்தில் பயின்று, துறவறம் தமக்கு இயலாது என்று கண்டு திரும்பியவர் அவர். குருமடம் அவருக்கு விட்டுச்சென்றவை இரண்டு. ஒன்று, கொஞ்சம் இலத்தீன். மற்றொன்று, குற்றம் செய்யாதபோதும் மன்னிப்புக் கேட்கும் பழக்கம்.

ஒரு வாரத்திற்கு மட்டும் எழுதுங்கள் என்று முந்தைய தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு. நிறுத்துங்கள் என்று எவரும் சொல்லாமையால் அவர் நிறுத்தவில்லை. அன்றியும், அவர் உள்ளத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்குச் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி உண்டு. அவர் வீட்டிலிருந்து அது நடந்து போகும் தொலைவு. அங்கே மாற்றம் வேண்டி ஆண்டுக்கு ஒன்றாக நான்கு மனுக்கள் கொடுத்திருந்தார். நான்கும் 'பரிசீலிக்கப்படும்' என்னும் குறிப்போடு திரும்பி வந்திருந்தன. இத்துணை ஊக்கத்துடன் உழைக்கும் ஒருவரைத் தாளாளர் ராமாமிர்தம் என்றேனும் ஒருநாள் கவனிக்காமற் போகமாட்டார், கரும்பலகையே தமக்காகப் பரிந்து பேசும் என்று மரிய ஜோசப் நம்பினார்.

இவ்வாண்டு அந்நம்பிக்கை சற்றுப் பருத்திருந்தது. சிதம்பரம் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவ்விடத்திற்கு யார் என்பதைத் தாளாளர் இந்த வெள்ளிக்கிழமை முடிவு செய்வார். ஐந்தாம் மனு அவர் மேசையில் இருந்தது.

மரிய ஜோசப்பின் முழங்கால்கள் இரண்டும் ஓராண்டாகவே மடங்க மறுத்து வந்தன. நீண்ட நேரம் காலை மடக்கி உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேருந்தின் இருக்கைகளைச் செய்தவர் அம்மருத்துவரைக் கலந்தாலோசிக்கவில்லை. மரிய ஜோசப்பின் மனைவி ஜோதி மேரி சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய ஓராண்டு முழுவதையும் கணவர் பேருந்திலேயே கழித்திருக்கிறார் என்று ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"இந்த வருஷமும் கிடைக்கலைன்னா, ரேஷன் கார்டை அந்த பஸ் அட்ரஸுக்கே மாத்திக்குங்க" என்றார்.

மரிய ஜோசப் மன்னிப்புக் கேட்டார்.

சொற்களை அவர் ஆங்கில அகரவரிசைப்படியே எழுதுவார். சூனில் 'ஏ' தொடங்கினால் ஏப்ரலில் 'இசட்' முடியும். அதற்கெனப் பழுப்பு அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று வைத்திருந்தார். மார்ச்சு மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை 'யு' என்னும் எழுத்தின் முறை. குறிப்பேட்டில் அடுத்து நின்ற சொல் 'அல்ட்ராகிரெபிடேரியன்'.

அவர் எழுதினார். பொருள்: தாம் அறியாத துறையில் கருத்துரைப்பவர். இலத்தீன்: அல்ட்ரா, அப்பால், கிரெபிடா, காலணி. இக்கிரெபிடாவும் கிரேக்கத்தின் 'கிரேபிஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்ததே. அதற்குள் பலகையின் அடிவிளிம்பு வந்துவிட்டது. கருத்துரைப்பவருக்கும் காலணிக்கும் என்ன உறவு என்னும் கதையை எழுத இடமில்லை.

அவ்வமயம் தாளாளரின் வண்டி வழக்கம்போல் வாயிலில் வந்து நின்றது. தாளாளரின் பேத்தி இறங்கி உள்ளே சென்றாள். ஓட்டுநர் லூர்துசாமியும் இறங்கி, கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு கரும்பலகைக்கு எதிரே சற்று நின்றார். இருவரும் தலையசைத்துக்கொண்டனர். ஒன்பது ஆண்டுகளாக அவர்களிடையே நடந்த உரையாடல் இவ்வளவே.

முதல் இடைவேளையில் உதவித் தலைமையாசிரியர் செந்தமிழ்செல்வன் வந்தார். அவர் பாடம் வணிகவியல். ஆனால் அவர் கருத்துகளுக்கு அவ்வெல்லை கிடையாது. சத்துணவுச் சாம்பாரில் புளி எப்போது கரைக்க வேண்டும், நீளந்தாண்டுபவர் எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும், மரிய ஜோசப்பின் முழங்காலுக்கு எந்த எண்ணெய் உகந்தது என்பவற்றை எல்லாம் அவர் வரையறுத்திருந்தார். முந்தைய நாள் ஆசிரியர் கூட்டத்தில், ஆங்கிலத்தை எவ்வாறு உச்சரிக்க வேண்டும் என்று நாற்பது நிமிடம் பேசியிருந்தார்.

"நேத்து மீட்டிங்ல நான் பேசினேன். இன்னிக்கு இது போர்டுல நிக்குது" என்றார்.

மரிய ஜோசப் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். எல்லாம் அகரவரிசை, மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதி வைத்தது என்று விளக்கினார்.

"யு-வுல அம்பர்லான்னு ஒரு வார்த்தை இல்லையா சார்?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தையாச்சே சார்."

"இப்ப இதுவும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அது கிடக்கட்டும், காலணின்னா செருப்புதானே?"

"மன்னிக்கணும். ஆமாம்."

"என் பேருக்குப் பக்கத்துல செருப்பு."

"உங்க பேரு அதுல எங்கேயும் இல்லையே சார்."

"எழுதினாத்தானா? படிக்கிறவன் போட்டுக்க மாட்டானா?"

மரிய ஜோசப்புக்கு இது நியாயமாகவே பட்டது. கற்பிப்பதில் பாதி, படிக்கிறவர் தாமே நிரப்பிக்கொள்வதுதான். செந்தமிழ்செல்வன் மேலும் இரண்டு கருத்துகள் கூறினார். கரும்பலகையில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. கிரேக்கத்தை விட்டுவிட்டு வணிகச் சொற்கள் எழுதினால் மாணவருக்குப் பயன்படும் என்பது மற்றொன்று.

"ஒரே ஒரு வாரம் அந்த சாக்பீஸை என்கிட்ட குடுங்க. போர்டுன்னா என்னன்னு காட்டறேன்" என்று சொல்லிப் போனார்.

அன்று மாலை முழுவதும் பேருந்தில் மரிய ஜோசப் சிந்தித்தார். குறை செருப்பில் இல்லை, கதையைச் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது என்று முடிவு செய்தார். கதையைச் சொல்லிவிட்டால் செருப்பு அவமதிப்பாகத் தோன்றாது, பழங்கிரேக்கமாகத் தோன்றும்.

புதன்கிழமை காலை பலகை நிறைய, பொடி எழுத்தில் அக்கதையை எழுதினார். முன்னொரு காலத்தில் ஒரு கிரேக்க ஓவியர் தாம் வரைந்த படத்தைத் தெருவில் வைத்துவிட்டு, பார்ப்போர் சொல்வதை மறைந்திருந்து கேட்டார். அவ்வழியே சென்ற செருப்புத் தொழிலாளி ஒருவர், படத்திலுள்ள செருப்பில் ஒரு வார் குறைகிறது என்றார். ஓவியர் உடனே அதைத் திருத்தினார். மறுநாள் வந்த தொழிலாளி, தம் சொல் ஏற்கப்பட்டதைக் கண்டு மகிழ்ந்து, காலும் சரியில்லை என்றார். ஓவியர் வெளிப்பட்டு, செருப்போடு நிறுத்திக்கொள்ளுமாறு அவரைக் கடிந்தார். இதிலிருந்தே அச்சொல் பிறந்தது.

செந்தமிழ்செல்வன் படித்துவிட்டு, ஓவியர் வண்ணத்தை எப்படிக் குழைத்திருக்க வேண்டும் என்று வாயிற்காவலரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். புயல் ஓய்ந்தது என்று மரிய ஜோசப் எண்ணினார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஆதலால் சர்க்கரையைத் துறந்திருந்தார். சர்க்கரை இல்லாத தேநீரும் அன்று அவருக்கு இனித்தது.

நண்பகலில் வரலாற்று ஆசிரியை கயல்விழி அவர் எதிரே வந்து அமர்ந்தார். அவர் உரக்கப் பேசாதவர். அதுவே அச்சமூட்டியது.

"சார், எங்கப்பா மங்கலம்பேட்டையில செருப்பு தச்சுதான் என்னைய எம்.ஏ. வரைக்கும் படிக்க வச்சாரு" என்றார்.

மரிய ஜோசப் தேநீர்க் குவளையை மேசைமீது வைத்தார்.

"செருப்புல தப்புன்னு அந்த ஆளு சொன்னப்ப, ஓவியர் கேட்டுக்கிட்டாருல்ல? காலு சரியில்லைன்னு சொன்னப்ப மட்டும் ஏன் கோவம் வந்துச்சு? அன்னிக்கு அந்தக் காலு நல்லாத்தான் இருந்துச்சான்னு யாராவது போய்ப் பாத்தாங்களா சார்?"

எவரும் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகளாக இக்கதையை அறிந்திருந்தும், அந்தக் காலைப் பற்றி ஒரு நொடியும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது மரிய ஜோசப்புக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளெல்லாம் மனிதக் கால்களைக் குனிந்து பார்த்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல உரிமை இல்லாமற் போகுமா? அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவர் வாழ்நாளில் கேட்டவற்றுள் உண்மையிலேயே கேட்கவேண்டியிருந்த மன்னிப்புகள் சில. அவற்றுள் இது ஒன்று.

உடனே போய்ப் பலகையை அழித்தார். கயல்விழி பின்னாலேயே வந்தார்.

"நான் சொன்னேன்னு அழிச்சுட்டாருன்னு பேசப்போறாங்க. திருத்தி எழுதுங்க சார், போதும்."

திருத்துவது எங்ஙனம்? தொழிலாளியை எடுத்துவிட்டால் செருப்பு இல்லை. செருப்பை எடுத்துவிட்டால் சொல்லே இல்லை. விட்டுவைத்தால் கயல்விழியின் தந்தை இருக்கிறார். அன்றைய பேருந்தில் அவர் ஆலப்பாக்கத்திலும் உறங்கவில்லை. ஒன்றுமே எழுதாமல் இருப்பதே எவருக்கும் தீங்கற்றது என்னும் முடிவுக்கு, இருட்டிய பின் வந்து சேர்ந்தார்.

வியாழக்கிழமை பலகை வெறுமையாக இருந்தது.

ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அனைவரும் பலகையைப் பார்த்தார்கள். மாற்றம் கிடைக்காததால் மரிய ஜோசப் சார் போராட்டம் தொடங்கிவிட்டார் என்றது பதினோராம் வகுப்பு. அவருக்கு இரத்த அழுத்தம் என்றது அலுவலகம். உண்ணாவிரதமும் உண்டாம் என்று ஒருவர் சேர்த்தார். அவர் சர்க்கரையைத் துறந்தது அதற்குச் சான்றாயிற்று. வாயிலில் லூர்துசாமி வண்டியை நிறுத்திவிட்டு, வெற்றுப் பலகையின் முன்னும் பின்னும் நடந்து, வேறெங்கேனும் எழுதியிருக்கிறதோ என்று மதில் சுவரைக்கூடப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பது பத்துக்குத் தலைமையாசிரியை பாத்திமா மேரி அழைத்தனுப்பினார். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காராதவர். அன்று இன்னும் நிமிர்ந்திருந்தார்.

"ஐயா போன் பண்ணினாரு. போர்டு ஏன் காலின்னு கேக்கறாரு."

மரிய ஜோசப் மன்னிப்புக் கேட்டார்.

"போன மாசம் வாட்டர் டேங்க் வழிஞ்சு கெமிஸ்ட்ரி லேப்ல தண்ணி நின்னுச்சு. அதுக்குக்கூட அவரு போன் பண்ணலை சார். ஒரு கரும்பலகைக்காகப் பண்றாருன்னா விஷயம் எவ்வளவு ஜாஸ்தியாயிடுச்சுன்னு பாத்துக்குங்க."

வெறுமையான பலகையைப் பற்றிக் தம் வீட்டில் இருக்கும் தாளாளர் ஒன்பது மணிக்குள் எவ்வாறு அறிந்தார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதிகாரத்திற்குக் கண்கள் பல என்பது பள்ளிகளில் வேலை செய்வோர் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி. செந்தமிழ்செல்வன் வாய்மொழியாக முறையிட்டிருக்கிறார், கயல்விழி முறையிடவில்லை என்றாலும் வருந்தியிருக்கிறார் என்று தலைமையாசிரியை எடுத்துச் சொன்னார். அச்சொல்லைப் பற்றி எழுத்துமூலம் விளக்கம் தருமாறும், மூன்று மணிக்குள் அது தாளாளருக்குப் போய்ச் சேரவேண்டும் என்றும் பணித்தார்.

விளக்கம் என்று கேட்டால் மரிய ஜோசப்பால் விளக்கத்தான் முடியும். ஓய்வு வேளை இரண்டையும் செலவிட்டு மூன்று பக்கம் எழுதினார். முதல் பக்கம் கிரேக்கம். இரண்டாம் பக்கம் இலத்தீன். மூன்றாம் பக்கத்தில் அச்சொல் ஆங்கிலத்திற்கு வந்த வரலாறு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஓர் எழுத்தாளர் தம்மைத் தாக்கி எழுதிய ஒருவரைத் திருப்பித் தாக்குவதற்கென்றே அச்சொல்லை அச்சேற்றினார். இதை விட்டுவிடலாமா என்று அவர் பேனா தயங்கியது. ஆனால் தெரிந்ததை மறைப்பது விளக்கம் ஆகாது. எழுதினார். இறுதியில், படத்திலிருந்த காலைப் பற்றித் தொழிலாளி சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம், அதை எவரும் ஆராயவில்லை என்பதை உடன் பணிபுரியும் ஓர் ஆசிரியையிடமிருந்து தாம் கற்றுக்கொண்டதாகவும் சேர்த்தார்.

தலைமையாசிரியை மூன்றாம் பக்கத்தை இருமுறை படித்தார்.

"இது திட்டறதுக்காகவே பொறந்த வார்த்தைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க."

"உண்மை அதுதான் மேடம். மன்னிக்கணும்."

"உதவித் தலைமையாசிரியரு சொன்னது சரின்னு ஆயிடுதே சார்."

அவ்வாறுதான் ஆயிற்று. வேறு எழுதித்தர நேரம் இல்லை. மூன்று பக்கங்களும் உறையில் இடப்பட்டு லூர்துசாமியின் கையில் போயின.

அன்று வீட்டில், விளக்கத்தின் படியை ஜோதி மேரி படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு வரி போதாதாங்க?"

"விளக்கம் கேட்டாங்க ஜோதி."

"விளக்கம் கேட்டா மன்னிப்புன்னு அர்த்தங்க. ஊரெல்லாம் மன்னிப்பு கேக்கறீங்க, கேக்க வேண்டிய இடத்துல மூணு பக்கம் கிரேக்கம் எழுதறீங்க."

சிதம்பரம் பள்ளியின் மாலை மணி அவர்கள் வீட்டுச் சமையலறைவரை கேட்கும். அடுத்த ஆண்டும் அதை ஜோதி மேரி மட்டுமே கேட்பார் என்பது இருவருக்கும் தெளிவாயிற்று.

வெள்ளிக்கிழமை, பலகை வெறுமையாக இருக்கலாகாது என்னும் தலைமையாசிரியையின் ஆணைப்படி, 'யு'வில் இருப்பவற்றுள் மிகச் சாதுவான சொல்லைத் தேடி எழுதினார். 'அம்பெல்': குடைபோல் விரியும் பூங்கொத்து. சிறு குடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செந்தமிழ்செல்வன் கைகட்டி நின்று படித்தார்.

"கடைசியில அம்பர்லாவுக்கே வந்துட்டீங்க. இதை நான் செவ்வாய்க்கிழமையே சொன்னேன்" என்றார்.

மாலை நாலரை மணிக்குத் தாளாளரின் வண்டி வந்தது. இம்முறை மரிய ஜோசப்பை அழைத்துப்போக.

தாளாளர் ராமாமிர்தம் பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கடலூருக்கு வந்து மரக்கடை வைத்து, வளர்ந்து, பள்ளிகள் கட்டினார். பள்ளியிறுதியோடு படிப்பு நின்றிருந்தும், ஆங்கிலச் சொல்வளத்தில் அவருக்கு இணை ஊரில் இல்லை என்று பெரியவர்கள் நடுவே பெயர் இருந்தது. மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டு முன்னறையில் மூன்று பக்க விளக்கம் மேசைமீது கிடந்தது. அதில் பல இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருப்பதை மரிய ஜோசப் நின்ற இடத்திலிருந்தே கண்டார்.

தேநீர் வந்தது. சர்க்கரை இருந்தது. தவக்காலத்தை எடுத்துச்சொல்லும் வலிமை அவரிடம் இல்லை. குடித்தார்.

"இந்த கிரேக்க வார்த்தை இருக்கு பாருங்க" என்றார் தாளாளர், ஓர் அடிக்கோட்டைத் தொட்டு. "இதை எப்படிச் சொல்லணும்?"

"கிரேபிஸ், ஐயா."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மரிய ஜோசப் சொன்னார். மூன்றாம் முறையும் சொல்லவைத்து, குரல் எழாமல் தாமும் சொல்லிப் பார்த்துக்கொண்டார் தாளாளர்.

"யாராவது கேட்டா இதான் சரின்னு அடிச்சுச் சொல்லலாமா?"

யார் கேட்பார்கள்? விசாரணைக் குழு என்று மரிய ஜோசப்பின் உள்ளம் சொன்னது. சொல்லலாம் என்று தாழ்ந்த குரலில் விடையிறுத்தார். தாளாளர் மூன்று தாள்களையும் மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த வாரம் என்ன எழுத்து?"

"வி, ஐயா. இனிமே செடி கொடி பேரு மட்டும் எழுதறேன். யார் மனசும் நோகாம..."

"செடி கொடியா? இன்னிக்கு எழுதினீங்களே, அது சப்புனு இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை எழுதினீங்க பாருங்க, அந்த மாதிரியே எழுதுங்க."

பெரிய மனிதர்களின் கேலி இவ்வாறுதான் முகம் மாறாமல் வரும் என்று மரிய ஜோசப் கேள்விப்பட்டிருந்தார். தலைகுனிந்து நின்றார். பிறகு, இனி இழப்பதற்கு ஏதும் இல்லை என்னும் எண்ணத்தால் சற்றுத் துணிவு வர, சிதம்பரம் மனுவைப் பற்றிக் கேட்டார். முழங்காலைப் பற்றியும் ஒரு வரி சொன்னார்.

தாளாளர் சன்னலைப் பார்த்தார்.

"பரிசீலிக்கலாம் சார். போர்டு மட்டும் ஒரு நாளுகூட காலியா இருக்கக் கூடாது."

பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுமாறு லூர்துசாமிக்குச் சொல்லப்பட்டது. மரிய ஜோசப் முன்னிருக்கையில் அமர்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளில் கால் நீட்டிச் சென்ற முதற்பயணம் அது. கெடிலத்துப் பாலத்தின்மேல் போக்குவரத்து நின்றிருந்தது. ஆற்றில் நீர் குறைவாகவும் மணல் மிகுதியாகவும் இருந்தது.

அவர் பேச வேண்டும் என்று எண்ணிப் பேசவில்லை. அலுப்பு தானே பேசியது. இவ்வாண்டும் போயிற்று என்றும், மூன்று பக்கம் எழுதியது தம் பிழை என்றும், நல்ல சொற்களாக, எவரும் குறைகூற இயலாதபடி, இன்னும் கருத்தாக எழுதியிருந்தால் ஐயா மனம் இரங்கியிருப்பார் என்றும் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த வருஷம் இன்னும் நல்லா எழுதணும்."

லூர்துசாமி வண்டியின் பொறியை நிறுத்தினார்.

"சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். நல்லா எழுதாதீங்க."

மரிய ஜோசப் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகளில் லூர்துசாமியின் குரலை அன்றுதான் கேட்கிறார்.

"மழையில ஒரு கையில குடையும் ஒரு கையில போனுமா நின்னிருக்கேன் சார், அந்த எழுத்து கரையறதுக்குள்ள போட்டோ புடிக்க. புயல் வந்தப்ப ஸ்கூல் லீவுன்னு தெரிஞ்சும் போய்ப் பாத்துட்டு வாடான்னு அனுப்பினாரு" என்ற லூர்துசாமி, தம் கைப்பேசியைத் திறந்து நீட்டினார்.

அதில் ஊர்ப் பெரியவர்களின் குழு ஒன்று இருந்தது. நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு, தாளாளர் ராமாமிர்தத்தின் பெயரில், கிரேக்க வேரும் இலத்தீன் வேரும் பிசகாமல், ஓர் ஆங்கிலச் சொல் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமைச் சொல்லுக்கு மட்டும் நாற்பத்தொரு கைதட்டல். அடுத்து ஒரு மருத்துவர், 'ஐயா, இந்தக் காலணி எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருந்தார். வியாழக்கிழமை காலை ஒன்றுமில்லை. 'உடல்நலம் இல்லையா ஐயா?' என்று பதினேழு பேர் விசாரித்திருந்தனர். அன்று மாலை, மரிய ஜோசப்பின் மூன்று பக்கங்களும் ராமாமிர்தத்தின் ஆராய்ச்சியாக, ஆசிரியை பற்றிய ஒரு வரி மட்டும் நீங்கலாக, வெளிவந்திருந்தன.

பாலத்தின்மேல் வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னால் யாரோ ஒலிப்பானை அழுத்தினார்கள்.

"நீங்க சிதம்பரம் போயிட்டா காலையில ஐயா குரூப்புல என்னத்தப் போடுவாரு? அதனாலதான் சார், உங்க போர்டு நல்லா இருக்கிற வரைக்கும் உங்க மனு பரிசீலனையிலேயே இருக்கும்."

மரிய ஜோசப் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலையில் எழுதியது போக, பாதிச் சாக்குக்கட்டி அதில் மிஞ்சியிருந்தது.

"திங்கக்கிழமை இதைச் செந்தமிழ்செல்வன் சார் கையில குடுத்துடறேன்" என்றார்.